செருப்புக் காட்சி

சேர்ந்துவிடலாம். சேர்ந்து, முதல் வகுப்பிலேயே கேமராவைப் போட்டு, என்னைத் தெரிகிறதா சார் என்று கேட்டுவிடலாம். தெரியலையேம்மா என்பான். அவனுக்கு யாரைத்தான் தெரிந்திருக்கிறது. கைபேசித் திரையில் அருளாளன் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் சுவர் முழுக்கப் புத்தகம். ஒன்றைக்கூட முழுசாகப் படித்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும், படித்துக் கதை சொல்வதற்குத்தான் உதவியாளர்களாக எங்களை வைத்திருந்தான். 'இயக்குநர் அருளாளனுடன் திரைக்கதை கற்போம்', கீழே பச்சைப் பட்டையில் 'இப்போதே சேருங்கள்'. இன்றைக்கு இலவச அறிமுக வகுப்பு, பிடித்துப்போனால் பணம் கட்டி மிச்சத்தையும் கற்கலாம், சலுகை இன்றோடு முடிகிறது. மகள் நிலானி நீச்சல் பழகிவிட்டு வருவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். குளத்துத் தண்ணீரின் குளோரின் நெடி மூக்கின் உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிமென்ட் படிகளில் வெயிலின் சூடு இன்னும் இறங்கவில்லை, புடவையைத் தாண்டித் தொடையில் சுடுகிறது. கோச் விசிலை ஊதுகிறார், பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரை உதைக்கிறார்கள், ஒரு காதில் அந்தச் சத்தம், இன்னொரு காதில் இயர்போன் வழியாக அவன் குரல். அதே குரல். மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, எதைச் சொன்னாலும் அதை முதல்முதலாக இந்த உலகத்தில் தான்தான் கண்டுபிடித்தது மாதிரி. "கதை எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறாங்க. வலியிலேர்ந்து வருதுங்க." யாருடைய வலியிலிருந்து என்று சொல்லுடா.

சேர வேண்டாம் என்றுதான் விளம்பரம் வந்த அன்றைக்கே நினைத்தேன். விரலால் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது, இந்தக் கைபேசிக்கு நம் பகையாளிகள் யார் யார் என்று தெரிந்திருக்கும் போல. ஆனால் போன வாரம் ஸ்டுடியோவில் ஜெனிட்டா மேடம், வெளிமொழித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிற எங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வசுமதி, நேரடித் தமிழ் சீரிஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. உங்க பேரைச் சொல்லலாம்னு இருக்கேன். ஆனா நீங்க இத்தனை வருஷமா டப்பிங் மட்டும்தானே பண்ணியிருக்கீங்க? ஏதாவது ஒரு கோர்ஸ் முடிச்சு வச்சுக்குங்க. அருளாளன் சார் ஒண்ணு நடத்துறார் பாருங்க, அவர் சர்டிபிகேட்னா மேல யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க." நான் தலையாட்டினேன். என்ன சொல்வது, அந்தச் சாருக்குத் திரைக்கதையே என்னிடமிருந்துதான் போயிற்று என்றா. கொரிய நடிகையின் உதடு மூடுகிற இடத்தில் எனக்கு ஒரு 'ம' வேண்டும், ஒரு 'ப' வேண்டும், அதைத் தேடித்தேடியே என் வயது போயிற்று. அடுத்தவர் வாய்க்குள் சொல்லை வைக்கிற வேலை. அவன் என் வாயிலிருந்து எடுத்தான், நான் யார் யார் வாயிலோ வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும் என்று அவன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம். அவன் இந்தக் குளத்தோரத்து ஈரத் தரையில் நடந்து வருகிற மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைக் கதர்ச் சட்டை. பாசி பிடித்த அந்த ஏணிப் பக்கம் கால் வைக்கிறான். சர்ரென்று. பின்மண்டை அடிபடுகிற சத்தம் கேட்கிறது. சீ. ஆனால் இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கிறேன். இந்தத் தடவை தாடி தண்ணீரில் மிதக்கிறது.

வடபழனியில் இரண்டாம் மாடி. டிஸ்கஷன் ரூம் என்பார்கள், சாய்மானம் போட்டு உட்கார்ந்து கதை பேசுகிற அறை. ஆண்கள் எல்லாரும் சிகரெட் பிடிப்பார்கள், ஜன்னலோரமாக நான் ஒருத்திதான் பெண். என் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை, பாப்பா என்பான், பாப்பா நீ சொல்லு, பொம்பளைங்க மனசு உனக்குத்தானே தெரியும். அப்போது அவனுடைய இரண்டாவது படத்துக்குக் கதை நகராமல் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. புருஷன் செத்த பிறகு அந்தப் பெண் என்ன செய்வாள் என்று ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். கிணற்றில் விழுவாள், வளையலை உடைப்பாள், சாமி ஆடுவாள். எனக்குத் தாங்கவில்லை. எங்கம்மா ஒண்ணு செஞ்சாங்க சார் என்றேன். சொன்னேன். அப்பா செத்த காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் காலையில் அம்மா வாசலுக்கு வந்தாள், ஓரமாகக் கிடந்த அப்பாவின் தோல்செருப்பைக் காலில் மாட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். முக்கில் இருந்த டீக்கடையில், ஆம்பளைகள் மட்டும் நிற்கிற இடத்தில், நின்றபடியே டீ வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான். அருளாளன் சிகரெட்டை அணைத்தான். "ஏன் பாப்பா அந்தச் செருப்பைப் போட்டாங்க?" என்று கேட்டான். தெரியல சார் என்றேன். தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும். அந்த ஆண்களின் முன்னால், அந்தப் புகையில், அதை எடுத்து வைக்க எனக்கு வாய் வரவில்லை. அது அம்மாவுடையது. அவன் விட்டத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், "காதல்யா. அவன் நடந்த நடையை அவ நடந்து பாக்குறா." எல்லாரும் அடடா என்றார்கள். ஒருத்தர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் கையை.

படத்தில் டீக்கடை இல்லை. படத்தில் அந்தப் பெண்ணுக்குக் கமலா என்று பெயர், அவள் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதறுகிறாள், அப்புறம் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை வரை நடக்கிறாள், பின்னால் வயலின். தமிழ்நாடே அழுதது. பத்திரிகையில் எழுதினார்கள், கல்லூரிகளில் பேசினார்கள். டைட்டிலில் என் பெயர் இல்லை. பெயர் இல்லாதது கூடப் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன், இல்லை, பரவாயில்லை என்று யார் சொன்னது, இருக்கட்டும், அதுவும் கணக்கில் இருக்கட்டும். ஆனால் அம்மா. அம்மா தேனியில் சித்தியோடு போய் அந்தப் படத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் போன் செய்தேன். "பாத்தேன்" என்றாள். வேறு ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் மழை பெய்ததா, மாத்திரை சாப்பிட்டாயா, பிள்ளை நல்லா இருக்கிறாளா, இவ்வளவுதான் பேச்சு. நிலானி பிறந்தபோது வந்தாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னவள் மூஞ்சியை எப்படிப் பார்ப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம். ஒரு காட்சியைத் திருடினவனை மன்னிக்கலாம். அம்மாவைத் திருடினவனை என்ன செய்வது.

திரையில் அவன், "இப்போ ஒரு சாம்பிள் பாப்போம்" என்கிறான். அதுதான். அதேதான். வயலின். நான் இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். சத்தம் கைபேசியிலிருந்து வெளியே கொட்ட, பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த ஷம்ஷாத் எட்டிப் பார்த்தாள். அவள் மகனும் நிலானியோடுதான் பழகுகிறான், டப்பாவில் எப்போதும் பேரீச்சம்பழம் வைத்திருப்பாள்.

"அய்யோ வசு, செருப்பு சீனா? எங்க வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப்போன வருஷம் இதைப் பாத்தேன்பா. அப்படி அழுதேன். என்னம்மா எடுத்திருக்கான் மனுஷன்!"

"ம்."

"இது என்ன, கிளாஸா? அவரே நடத்துறாரா? சேரு வசு, நீயும் எழுதுற ஆளுதானே. இப்படி ஒரு சீன் எழுத வந்துட்டா போதாதா?"

இப்படி ஒரு சீன். நான் அவளைப் பார்க்கிறேன், அவள் கண் நிஜமாகவே கலங்கியிருக்கிறது, அவள்மேல் எப்படிக் கோபப்படுவது. ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொள்கிறேன். பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. வயலின் ஓய்ந்து அருளாளன் மறுபடி வந்துவிட்டான். சத்தத்தைக் குறைத்துவிட்டு உதட்டை மட்டும் பார்க்கிறேன், என் தொழில் அது. மூடித் திறந்து மூடுகிறது. அம்மா. அம்மா என்கிறான். இயர்போனைத் திரும்பச் செருகிக் காதில் வைக்கிறேன். "...எங்கம்மாதாங்க அது. எங்கப்பா தவறின மறுநாள், வாசல்ல கிடந்த அவர் செருப்பை எங்கம்மா எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. நான் சின்னப் பையன். பாத்துக்கிட்டே நின்னேன். அதுதான் அந்த சீன்." அவன் அப்பா. அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு அவன் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முழங்கால் வலி, நான்தான் கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினேன். பெற்ற அப்பனையே சாகடித்துவிட்டான், அதுவும் என் அப்பன் செத்த நாளில். சிரிப்பு வருகிறது. சிரித்தால் அந்தப் பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்கும். சிரிப்பு இல்லை இது. காது மடல் கொதிக்கிறது. சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்து, கடைசி வகுப்பு வரை பொறுத்திருந்து, சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். இல்லை, அவ்வளவு நாள் இந்த மூஞ்சியைப் பார்க்க முடியாது. இப்போதே. திரையில் கை உயர்த்துகிற படம் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டேன்.

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா?" என்று அவன் திரைக்குக் கிட்டே வருகிறான். "அந்த சீன்ல ஒரு ஓட்டை இருக்குங்க. யாரும் கண்டுபிடிக்கல. இப்போ அந்தக் கேரக்டரை வச்சே ஒரு சீரிஸ் பண்றேன், அவளோட மொத்த வாழ்க்கை. என் டீம்ல எல்லாரும் கேக்கறாங்க, சார், அவ ஏன் செருப்பைப் போட்டான்னு. காதல்ங்கறது ஒரு சீனுக்குச் சரி. பத்து எபிசோடைத் தூக்கி நிறுத்த அது பத்தாது. அதுக்கு அடியில வேற ஏதோ இருக்கு. எனக்குப் பிடிபடல. நீங்க சொல்லுங்க பாப்போம், இதையே இன்னைக்கு எக்சர்சைஸா வச்சுக்குவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. இது வகுப்பு இல்லை. இது அதே வடபழனி ரூம்தான், கொஞ்சம் பெரிசாகக் கட்டியிருக்கிறான், அவ்வளவுதான். அப்போதாவது டீ வாங்கிக் கொடுத்தான், இனிமேல் நாம் பணம் கட்டி உள்ளே வந்து கதை சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தராகச் சொல்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன், பாதம் சுடாமல் இருக்க என்கிறான். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், அது பெண்ணிய அடையாளம் சார் என்கிறாள். இல்ல, இல்ல என்று தலையாட்டுகிறான். "அடுத்து... நிலானி, சிக்ஸ் பி? என்னங்க இது, ஸ்கூல் பாப்பாவா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு வைத்த பெயர் அப்படியே கிடக்கிறது. பாப்பா. மறுபடி பாப்பா. "சொல்லுங்க நிலானி."

சொல்லப்போகிறேன். எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கிறது. இது உங்கம்மா இல்லை, உங்கப்பா அன்றைக்கு உயிரோடு இருந்தார், அந்த ரூம், அந்த ஜன்னல், என் பெயர் வசுமதி. அப்புறம் அந்தக் கடைசி விஷயம், அதுதான் கத்தி. அப்பா குடித்துவிட்டு வருகிற இரவுகளில் அந்தச் செருப்பைத்தான் கழற்றுவார். அம்மாவின் கன்னத்தில் அதன் அடிப்பாகத்துக் கோடுகள் பதிந்து இருக்கும், காலையில் மஞ்சளை அள்ளிப் பூசி அவள் மறைப்பாள். அதை மாட்டிக்கொண்டு அவள் நடந்தது காதல் இல்லையடா, அயோக்கியப் பயலே, அது ஜெயிப்பு. வாயைத் திறக்கிறேன். அப்போது பார்க்கிறேன், அவன் பேனாவை எடுக்கிறான். மூடியைக் கழற்றி, தாளைச் சரிப்படுத்தி, உதட்டை லேசாகப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அன்றைக்கும் இதே மாதிரிதான், சிகரெட்டை அணைத்துவிட்டு. நான் இப்போது கத்தினால் என்ன ஆகும். கொஞ்ச நேரம் முகம் செத்துப்போகும். யாரோ ஒரு பொறாமைக்காரி என்பான், இணைப்பை வெட்டுவான். அப்புறம் அந்தக் கன்னத்தை எழுதிக்கொள்வான். பத்து எபிசோடுக்கும் அதுதான் தூணாக நிற்கும். ஊரே மறுபடி அழும். அவன் இத்தனை வருஷமாகத் தேடுகிற ஒரே பொருள் என் வாய்க்குள் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியது, குளத்தில் குதித்த மாதிரி.

"காதல்தான் சார்" என்றேன். குரலைக் குழைத்துக்கொண்டேன், டப்பிங்கில் தியாகி மனைவிகளுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறோம், அதை. "உங்க சீன்ல ஓட்டையே இல்ல சார். நீங்கதான் இன்னும் ஆழமாப் போகணும். அவங்க அந்தச் செருப்பைப் பூஜை அறையில வச்சிருப்பாங்க சார். தினமும் பால் ஊத்திக் கழுவி, சந்தனம் வச்சு, பூப்போட்டுக் கும்பிடுவாங்க. ராத்திரி தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குவாங்க. அந்தச் செருப்புகூடப் பேசுவாங்க சார்."

ஒரு கணம் அவன் என்னைப் பார்த்தான், பார்த்தது வெறும் பெயரைத்தான். பிறகு கண்ணை மூடினான். "பால் ஊத்தி..." என்று முணுமுணுத்தான். எழுதினான். நான் பார்த்தேன், எழுதினான். "செருப்புகூடப் பேசறா. பத்து எபிசோடும் பேசறா. அடடா. யாரும்மா நீ? இதுதாங்க ஆடியன்ஸ் பல்ஸ்! இந்தக் கோர்ஸ்ல இந்த மாதிரி ஆளுங்கதான் எனக்கு வேணும். உங்க நம்பரை என் அசிஸ்டன்ட்கிட்டக் குடுங்க." திரையில் கும்பிடு கைகளும் இதயங்களும் பொலபொலவென்று ஏறுகின்றன. நன்றி சார் என்றேன். வெளியேறு என்பதைத் தொட்டேன். பச்சைப் பட்டை ஒரு தடவை துடித்துவிட்டு அணைந்தது.

ஷம்ஷாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன வசு, செருப்புக்குப் பாலா? அதென்ன கண்றாவி? படத்துல வந்தா எழுந்து ஓடிருவேன் நான்."

"வரும்" என்றேன். "கட்டாயம் வரும்."

சிரித்தேன். நன்றாகத்தான் சிரித்தேன், வயிறு குலுங்க. ஊர் முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கப்போகிற சிரிப்பில் முதல் பங்கு எனக்கு. ஜெனிட்டா மேடத்திடம் சர்டிபிகேட் கிடையாது, நாலு சீன் எழுதித் தருகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம். ஆனால் சிரிப்பு பாதியில் எங்கோ தட்டி நின்றுவிட்டது. எந்த நாலு சீன். எனக்கென்று இருப்பதே அந்த ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை. அவனிடம் மறைத்தாயிற்று, சரி, எடுத்து எழுத எனக்கு மட்டும் யார் உரிமை கொடுத்தது. பாத்தேன் என்று மட்டும் சொன்ன குரல். விசில். பிள்ளைகள் கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். யோசித்தால் பயம் வந்துவிடும் என்று யோசிக்காமல் அம்மாவின் எண்ணைத் தொட்டுவிட்டேன்.

"என்னத்தா, இந்நேரத்துல? பிள்ளைக்கு ஏதும் மேலுக்கு முடியலையா?"

"நல்லா இருக்காம்மா. நீச்சல் அடிக்கிறா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் படம்... அந்தச் செருப்புப் படம். அப்பவே கேட்டிருக்கணும். நம்ம வீட்டு விஷயத்தை வெளிய சொல்லிட்டேன்னுதானே உனக்குக் கோவம்?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கிற சத்தம் கேட்டது.

"சொன்னதுக்கு யாரு கோவிச்சா?" என்றாள். "சொல்லாம பின்ன, நடந்ததுதான? அவ ஏன் அழுவுறா, அதைச் சொல்லு. செருப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அந்த அழுவ அழுவுறா. நான் எங்கடி அழுதேன்? பக்கத்துலயே நின்னு பாத்தவ நீ. எம் மகளே என்னையப் பத்தி இப்புடி நெனச்சிருக்காளேன்னு எனக்கு ஆறவே இல்ல."

"நீ அழுதேன்னு நான் சொல்லலம்மா. அவனா வச்சது. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் ஒனக்கு?"

"கன்னம்" என்றேன். "கன்னத்துல கோடு கோடா இருக்கும்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது.

"நீ தூங்கிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு மறுபடி ஏறியது, இத்தனை வருஷமாக நான் கேட்காத ஏற்றம். "அந்தச் செருப்பு எங்காலுக்குப் பெருசுத்தா. நடக்க நடக்க தரையில பட்டுப் பட்டுன்னு அடி விழுவும். தெரு நெடுக அடி வாங்கிக்கிட்டே வந்துச்சு. ஒங்கப்பன் அண்ணந்தம்பி பூராம் வாசல்ல நின்னு பாக்குறாங்கெ. அந்தச் சத்தம் எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு. அந்த டீக்கடைக்காரனுக்குக் கெளாசக் குடுக்கையில கை நடுங்குது. ரெண்டு டீ குடிச்சேன். அதுல ஒண்ணாச்சும் படத்துல வந்துச்சா?"

"இல்லம்மா." சொல்லும்போது எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. குளோரின்தான் என்று ஷம்ஷாத்துக்குக் கையைக் காட்டினேன். "அம்மா, நான் எழுதட்டுமா? நடந்தது நடந்தபடியே."

"எழுது."

"ஊர்ல ஏதாவது பேசுவாங்க. பெரியப்பா வீட்ல எல்லாம்..."

"பேசட்டும். அதுக்குத்தானத்தா எழுதுறது. அவன் கமலாண்டு என்னமோ வச்சானே, அந்த மாதிரி யாரோ எவரோ பேரெல்லாம் போட்டு வைக்காத. பெரியப்பன் இன்னும் உசுரோடதான் இருக்காரு, கண்ணு ரெண்டும் நல்லாத் தெரியுது. எம் பேரப் போட்டு வேலுத்தாயிண்டே எழுது. பெரிய எழுத்தா எழுது."